படம் பிறந்த மண்ணும் படம் தொங்கும் சுவரும்

கலைகள் யாவற்றுள்ளும் ஓவியமே மிகவும் இடம்பற்றி நிற்பது. கவிதை வாய்வழியாக ஊரூராகச் செல்லும். பாட்டு வானொலியேறி வீட்டு முற்றத்துக்கே வந்துசேரும். கூத்தாடுவோர் தம் உடுப்பையும் மத்தளத்தையும் சுமந்துகொண்டு எந்தக் களத்திலும் இறங்குவர். ஓவியத்துக்கோ ஒரு சுவர் வேண்டும். அச்சுவருக்கு ஓர் உரிமையாளர் இருப்பார்; அதற்கு ஒரு வாசல் இருக்கும்; அவ்வாசலால் யார் நுழையலாம், எவ்வேளையில் நுழையலாம் என்னும் விதியும் இருக்கும். புகைப்படமும் இவ்வகையில் ஓவியத்தின் உடன்பிறப்பே. ஆதலின், ஒரு பிரதேசத்தின் ஓவியத்தைப் பற்றியும் புகைப்படத்தைப் பற்றியும் பேசப் புகுவோர், யார் படைத்தார்கள், எதனைப் படைத்தார்கள் என்று வினவுவதோடு அமைதல் ஆகாது. படைத்தவை எந்தச் சுவரில் தொங்கின, அவற்றை யார் பார்த்தார்கள் என்றும் வினவுதல் வேண்டும்.

கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டை இவ்வினாவோடு நோக்குமிடத்து ஒரு முரண் புலனாகின்றது. படத்துக்குப் பஞ்சமில்லாத நாடு அது. விகாரைச் சுவர்களில் வரைந்த கைவினைஞர் முதல் உலகப் புகழ் பெற்ற நவீன ஓவியர் வரை அங்கு வாழ்ந்திருக்கின்றனர்; இலங்கையின் தொடக்ககாலப் புகைப்படக்காரர் சிலர் தம் கூடங்களை அங்கேயே நிறுவினர். எனினும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்நாட்டைப் பற்றி எழுந்த படங்களுள் மிகப்பல, அந்நாட்டில் வாழ்வோரின் கண்ணிற் படாமலே வெளியேறிவிட்டன. சிறிய நகரம் ஒன்றிலே பிரதேச ஓவியர்க்கும் புகைப்படக்காரர்க்கும் ஒரு காட்சிக்கூடம் வேண்டும் என்ற கோரிக்கையின் பொருள் இந்த இடத்திலேதான் துலங்குகின்றது.

கண்டி நகரிலிருந்து கிழக்கே மகாவலியைக் கடந்து தும்பறைப் பள்ளத்தாக்கினூடு செல்வோர் குண்டசாலையையும் பல்லேகலவையும் அடைவர். 2009 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பன்னாட்டுக் கிரிக்கெட் மைதானத்தின் காரணமாகப் பல்லேகல என்னும் பெயர் இன்று உலகெங்கும் வானலைகளில் ஒலிக்கின்றது. ஆனால் அந்த மைதானத்துக்கு அண்மையில், அமுனுகம என்னும் ஊர்ப்பக்கத்திலே, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திறந்திருக்கும் ஓர் ஓவியக்கூடம் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. தெகல்தொருவைக் குகை விகாரையே அது.

மதுரை நாயக்கர் மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747-1782) காலத்தில் அவ்விகாரை தொடங்கப்பெற்றது; அவனுக்குப் பின் அரசேறிய இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. தேவரகம்பொல சில்வத்தென்ன என்னும் துறவியும், நீலகம, கொஸ்வத்தை ஆகிய ஊர்களின் பெயரைத் தாங்கிய கைவினைஞர் இருவரும் அங்கு வரைந்தோராகக் குறிக்கப்படுகின்றனர். முன்மண்டபச் சுவர்களில் வெஸ்ஸந்தர சாதகம், சுதசோம சாதகம் முதலிய கதைகள் நீண்ட பட்டைகளாக ஓடுகின்றன. உட்கூரையில் மாரனின் படை பொங்கி எழுகின்றது. ஒரே மாந்தர் மீண்டும் மீண்டும் தோன்றுவர். ஒரு மரமோ ஒரு வாயிற்கூரையோ ஒரு நிகழ்ச்சியை அடுத்த நிகழ்ச்சியிலிருந்து பிரித்து நிற்கும். பின்புலம் யாவும் செம்மை. அச்செம்மையைத் தந்த பொருளைத் தமிழர் சாதிலிங்கம் என்பர்; சிங்களக் கைவினைஞரும் ஏறத்தாழ அதே சொல்லால் அதனை வழங்கினர். வண்ணத்தைச் சுவரோடு பிணிக்க விளாம்பிசின் பயன்பட்டது.

இவ்வோவியங்களின் அழகு பலராலும் பேசப்பட்டதே. ஆயினும் அவற்றின் காட்சிமுறையும் எண்ணத்தக்கது. போயா நாளில் பூத்தட்டோடு வந்த தும்பறைக் கமக்காரன் அச்சுவரில் எதனைக் கண்டான்? வட இந்தியப் புராதன நகரங்களில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கதையிலே, தன்னூர்ப் பிரதானிகளைப் போல் உடுத்தவரையும், தான் அறிந்த வகையான வீட்டையும் பல்லக்கையும் மரத்தையும் கண்டான். கட்டணச் சீட்டு இல்லை, திறப்புவிழா இல்லை, விளக்கவுரைக்குத் துண்டுப் பிரசுரம் இல்லை. படத்தின் அடியில் எழுதப்பட்ட வரிகளை வாசிக்கத் தெரியாதவனுக்குக் கதை முன்னமே மனப்பாடம். வரைந்தவன், வரையப்பட்டவன், பார்ப்பவன் ஆகிய மூவரும் ஒரே மண்ணைச் சேர்ந்தோர். கண்காட்சி என்னும் சொல்லை அவர்கள் அறியாதிருக்கலாம். அதன் பயனை முற்றாக அறிந்திருந்தனர்.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டதும் இவ்வொழுங்கு நிலைகுலைந்தது. கைவினைஞருக்கு நிலம் வழங்கி அவர்தம் உழைப்பைப் பெற்ற அரசு மறைந்தது. 1882 இல் கண்டியக் கலைச் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் நோக்கம் நல்லதாகவே இருந்தது: அழிந்துபோகும் கைத்தொழில்களைக் காப்பது. ஆனால் காக்கும் வழி விற்பனையாக அமைந்தமையால், கலைப்பொருள் சுவரைவிட்டு விற்பனை மேசைக்கு வந்தது. அதன் முன் நின்றவரும் பெரும்பாலும் பயணியரே. ஆனந்த குமாரசுவாமி மலைநாட்டுக் கலைகளை ஊரூராகச் சென்று ஆய்ந்து, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய தம் பெருநூலை 1908 இல் வெளியிட்டார். அதற்கான புகைப்படங்களை எடுத்தவர் அவருடைய துணைவியார் எதெல். தெகல்தொருவையின் புகழைக் கற்றோர் உலகுக்கு எடுத்துச் சென்ற நூல் அது. அந்நூலின் பெருமையை எவரும் மறுக்கார். இங்கிலாந்தில், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியில் அச்சேறியது அது. அச்சிட்ட படிகள் 425 மட்டுமே. தும்பறையின் சுவர், தும்பறையார் தொடமுடியாத ஓர் ஏட்டினுள் நுழைந்தது.

புகைப்படம் வந்த வரலாறு இதனிலும் கூர்மையானது. 1860களில் கண்டிக்கு வந்த யோசப் லோட்டன் அங்கு தம் கூடத்தை அமைத்து, 1870-71 காலப்பகுதியில் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை அரசின் பொருட்டுப் படம்பிடித்தார். அடுத்து வந்த சாள்ஸ் ஸ்கோவனும் 1870களில் கண்டியிலேயே தொழில் நடத்தினார். அந்நாளில் கண்ணாடித் தகட்டிலே இரசாயனக் கரைசலைப் பூசி, அது ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தினுள் வைத்துக் கழுவி எடுத்தல் வேண்டும். பாரமான பெட்டிகளையும் கூடாரத்தையும் மலைப்பாதையிற் சுமந்த தோள்கள் யாருடையவை என்பதைப் படங்கள் சொல்லவில்லை. ஆனால் படங்களின் முன்னே நிறுத்தப்பட்ட முகங்களுள் மலையகத் தமிழருடைய முகங்களும் உள்ளன. கோப்பித் தோட்டத்திலும் பின்னர் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்தவர் அவர்கள். தமிழகத்துக் கிராமங்களில் கண்டிச்சீமை என்று வழங்கிய பெயரை நம்பி வந்தவர்.

அப்படங்களின் அடியில் உள்ள குறிப்புகள் சிந்திக்கத்தக்கன. மலை, அருவி, பாலம், தோட்டம் ஆகியவற்றுக்கு உரிய பெயர் எழுதப்பட்டது. துரையின் பங்களாவுக்கும் பெயர் உண்டு. மூக்குத்தியும் காதணியும் அணிந்து கமராவை நேர்நோக்கி நின்ற பெண்ணுக்கோ, தமிழ்ப் பெண் என்ற பொதுப்பெயரே கிடைத்தது. அவள் இன்னாருடைய மகள், இன்ன தோட்டத்தினள் என்பதைக் கேட்க எவருக்கும் தேவை நேரவில்லை. படம் விலைக்குப் போயிற்று. தோலட்டை கட்டிய ஏடுகளில் ஒட்டப்பட்டுக் கப்பலேறிற்று. இன்று வெளிநாட்டு நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் அது பேணிக் காக்கப்படுகின்றது. அவளோ அவளுடைய பிள்ளைகளோ அதனைப் பார்த்திருக்க இடமில்லை. தெகல்தொருவையில் ஒன்றாக நின்ற மூவர் இங்கு மூன்று கரைகளிற் பிரிந்துபோயினர்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பிளவை ஆற்ற முயன்றோரும் மலைநாட்டோடு தொடர்புடையவரே. டேவிட் பெயின்ரர் 1920களின் பிற்பகுதி தொடங்கிக் கண்டித் திரித்துவக் கல்லூரியின் தேவாலயச் சுவர்களில் வரைந்த ஓவியங்களிலே, கிறிஸ்துவும் அவர் சூழலும் இந்நாட்டு நிறத்தையும் நிலத்தையும் பெற்றனர். தாடியற்ற இயேசுவை அன்று கண்டு திகைத்தோர் இருந்திருப்பர். இன்று அது அக்கல்லூரியின் செல்வம். 1901 இல் கண்டியிற் பிறந்து அதே கல்லூரியிற் கற்ற ஜோர்ஜ் கீற், நகரை விடுத்துக் குண்டசாலைப் பக்கத்துச் சிறிமல்வத்தைக் கிராமத்தில் நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் தீட்டிய பெண்களின் உடற்கோடுகளில் கண்டிய விகாரைச் சுவரின் சாயல் படிந்திருப்பதைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். புகைப்படத்தைக் கலையாக உயர்த்திய லயனல் வென்ட், உழவரையும் மீனவரையும் ஒளியும் நிழலுமாகக் காட்டினார்.

1943 ஆகஸ்டில் கீற், வென்ட் முதலியோர் ஒன்றுகூடி அமைத்த 43 குழு, அவ்வாண்டு நவம்பரில் தன் முதற் கண்காட்சியைக் கொழும்பில் நடத்தியது. பின்னர் 1952 இல் லண்டனிலும் 1953 இல் பாரிசிலும் அதன் ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. வென்ட் 1944 இல் மறைந்தபின் அவர் நினைவாக எழுந்த கலைநிலையமும் கொழும்பிலேயே அமைந்தது. இதிற் குழுவினரைக் குறைகூற ஏதுமில்லை. வாங்குவோரும் எழுதுவோரும் பத்திரிகைகளும் தலைநகரில் இருந்தன, ஓவியனும் உண்ணவேண்டியவன். ஆயினும் விளைவு ஒன்று நேர்ந்தது. கண்டியில் வாழ்ந்த ஓவியன் ஓவியனாக அறியப்படுவதற்குக் கொழும்புக்குச் செல்லவேண்டியவனானான். சென்றவனைப் பார்க்க அவனுடைய அயலவன் செல்லவில்லை.

இந்நிலை மாற்ற முடியாத விதியன்று என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய எஸ். ஆர். கனகசபை 1938 இல் அங்கு வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவி, ஆசிரியர்களையும் ஆர்வலரையும் ஒன்றுசேர்த்து ஒரு பயிற்சி மரபைத் தொடக்கிவைத்தார். அ. மாற்கு முதலானோர் பிற்காலத்தில் அம்மரபை வேறு திசைகளில் வளர்த்தனர். 1981 இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004 ஆம் ஆண்டு அகம் புறம் என்னும் பெயரில் நடைபெற்ற கண்காட்சியில், தென்னிலங்கைக் கலைஞரும் வடக்குக் கலைஞரும் ஒரே கூரையின் கீழ்த் தம் படைப்புகளை வைத்தனர். சாம்பலான ஏடுகள் இருந்த இடத்தில் தொங்கிய படம், கொழும்பில் தொங்கியிருப்பின் தரக்கூடிய பொருளை மட்டுமா தந்திருக்கும்? படத்தின் பொருளிற் பாதி அது நிற்கும் இடத்திலிருந்து பிறக்கின்றது.

இனி, சிறுநகரக் கண்காட்சியின் குறைகளையும் மறைத்தல் தகாது. அதன் நடைமுறை யாவரும் அறிந்ததே. ஒரு மண்டபம், அரை மணித்தியாலம் தாமதித்து வரும் பிரதம விருந்தினர், நாடா வெட்டல், மங்கல விளக்கு, படங்களைப் பார்த்த நேரத்திலும் நீண்ட சொற்பொழிவுகள், தேநீரும் சிற்றுண்டியும். மறுநாட் காலையில் மண்டபத்தில் எஞ்சுவோர், கையொப்பப் புத்தகத்தைக் காவல்காக்கும் ஒரு மாணவனும், வரைந்தவரின் உறவினர் இருவரும். இவை சிரிப்புக்குரியன, ஆனால் திருத்தக்கூடியன.

திருத்துவதற்கு அரிதான குறை ஒன்று உண்டு. அது சுவரிலேயே தொங்குகின்றது. மலைநாட்டுக் கண்காட்சிகளில் பலகால் காணப்படும் படங்கள் எவை? ஏரியும் அதில் விழும் தலதா மாளிகையின் நிழலும், பெரஹராவின் யானை, பனிமூட்டத்தில் மலைத்தொடர், கூடை சுமந்து புன்னகைக்கும் கொழுந்து பறிக்கும் பெண். இவற்றை வரைந்தோரும் படம்பிடித்தோரும் இம்மண்ணின் பிள்ளைகளே. ஆயினும் அவர்களுடைய கண் பயணியின் கண். ஸ்கோவன் எந்த மேட்டில் நின்று தேயிலை மலையைப் பார்த்தாரோ, அதே மேட்டில் நின்று அவர்களும் பார்க்கின்றனர். லயத்தின் உள்ளே இருந்து மலையைப் பார்த்தால் அது எவ்வாறு தோன்றும் என்பது வரையப்படவில்லை. வாங்க வருவோர் வெளியூரார் என்றால் வரைபவன் வெளியூராரின் விருப்பத்தையே வரைவான். சுவரின் உரிமை தூரிகையையும் ஆளும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே, பிரதேசக் கண்காட்சி எனின் தரம் தாழ்ந்தோருக்கான ஒதுக்கீடு என்று சிலர் கூறும் தடை ஒரு பக்கம் உண்மையாகலாம். பிறந்த ஊரைக் காரணமாக்கிப் பலவீனமான படத்தை மெச்சுதல் ஓவியனுக்கும் நன்றன்று, ஊருக்கும் நன்றன்று. ஆனால் தரம் என்பது எவ்வாறு உருவாகும்? தன்னுடைய தேங்காய்த்துருவல் எப்படி இருக்கும், தன்னுடைய வாசற்படி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கும் என்று அறிந்த ஒருத்தி படத்தின் முன் நின்று, இது பிழை என்று சொல்லும்போது ஓவியன் பெறும் பாடத்தைத் தலைநகர விமர்சகன் தரமுடியாது. அயலவர் பார்வை கடுமையானது. பொய்யை விரைவிற் கண்டுகொள்வது. அப்பார்வைக்கு முன் நிற்கத் துணியும் படமே பிரதேச ஓவியம் என்னும் பெயருக்கு உரியது.

அத்தகைய பார்வைக்காகக் காத்திருக்கும் படங்கள் மலைநாட்டில் குவிந்து கிடக்கின்றன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 இல் முடிவாயிற்று. கண்டியில் இருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் அக்காலத்து எத்தனையோ குடும்பங்களின் தலையெழுத்தைத் தாங்கிய வாசல். கடவுச்சீட்டுக்கு ஒரு படம் வேண்டும். பலருக்கு அதுவே வாழ்நாளின் முதற் படம். கண்டியிலும் ஹற்றனிலும் நாவலப்பிட்டியிலும் இருந்த ஸ்ரூடியோக்களின் பின்திரையின் முன்னே, இரவல் வாங்கிய சட்டையோடும் இறுக வாரிய தலையோடும் மக்கள் அமர்ந்தனர். போகின்றவரும் தங்குகின்றவரும் சேர்ந்து கடைசியாக ஒரு குடும்பப் படமும் எடுத்துக்கொண்டனர். பின்னர் தலைமன்னார் வரை ரயில். அப்பால் இராமேசுவரத்துக்குக் கப்பல். 1984 இல் அக்கப்பல் நின்றது. ஒரே படத்தின் பிரதிகள் இரண்டு நாடுகளின் சுவர்களில் இன்றும் மங்கிக்கொண்டிருக்கின்றன.

இவை எவருடைய கலைப்படைப்பாகவும் கருதப்படவில்லை. எடுத்தவரின் பெயர் பின்புறத்து முத்திரையில் மட்டும் உண்டு. ஆயினும் தமிழ்ப் பெண் என்ற பொதுக்குறிப்போடு கப்பலேறிய பழைய படங்களுக்கு இவை மறுமொழியாகும். ஏனெனில் இவற்றில் இருப்போருக்குப் பெயர் உண்டு, உறவு உண்டு, இன்னார் என்று விரல்சுட்டிச் சொல்லக்கூடிய முதியோர் இன்றும் உளர். அவர்கள் வாழும்போதே அது நிகழ்ந்தாக வேண்டும். படத்தாளும் பொறுத்திருக்காது. நன்கு கழுவப்படாத படத்தில் எஞ்சிய மருந்து அதனை மஞ்சளாக்கும்; மலைநாட்டு ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். மலையகத்துத் தோட்டங்களிற் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் போன்ற இளம் ஓவியர், தேயிலைச் சாயத்தையே வண்ணமாகக் கொண்டு தம் மக்களின் வாழ்வை வரைகின்றனர். ஸ்ரூடியோப் படமும் அச்சாய ஓவியமும் ஒரே சுவரில் அருகருகே தொங்குமாயின், பார்க்க வருவோர்க்கு எந்தச் சொற்பொழிவும் தேவைப்படாது.

தும்பறைப் பக்கத்துக்கு இத்தகைய பொதுச்சுவர் வேண்டும் என்பதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே பேருந்தில் ஏறும் பிரதேசம் அது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, பல்லேகல வட்டாரத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாட்டில் அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டது. ஓவியக் கண்காட்சி ஒன்று அதனைத் தடுத்திருக்கும் என்பது பேதைமை. ஆனால் அயலவனுடைய முகத்தை வதந்தியின் வழியாக மட்டும் அறிந்த ஊரில் தீ எளிதிற் பற்றும். அவனுடைய திருமணப் படத்தையும், அவனுடைய தகப்பன் கடைவாசலில் நின்ற படத்தையும், அவனுடைய மகள் வரைந்த மழையையும் ஒருமுறை நின்று பார்த்தவனுக்கு, அவன் வெறும் இனப்பெயராகத் தோன்றுவது அரிது.

இதற்கு வேண்டிய பொருள் பெரிதன்று. ஈரம் புகாத ஓர் அறை. நேர்வெயில் படாத சுவர். மூன்று மொழியிலும் எழுதப்பட்ட குறிப்பு. அக்குறிப்பில் வரைந்தவர் பெயரோடு வரையப்பட்டவர் பெயரும். தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைப்போர் வரத்தக்கதாக ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருக்கும் வாசல். வரமுடியாதோர்க்குப் படங்களே பாடசாலை மண்டபங்களுக்குச் செல்லும் ஏற்பாடு. ஸ்ரூடியோக்காரர் பரணில் கிடக்கும் எதிர்ப்படங்களைக் கேட்டுப் பெறவும், முதியோரின் நினைவைக் குறித்துவைக்கவும் பேராதனை மாணவர் சிலர் விடுமுறையில் முன்வருவாராயின், பாதி வேலை முடிந்ததாகும். பல்கலைக்கழகத்துக்கும் அதனைச் சூழ்ந்த மலைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்க இதனிலும் எளிய வழி இல்லை.

தெகல்தொருவையில் வரைந்த கைவினைஞர் தம் ஊராரை நோக்கி வரைந்தனர். ஆதலால் அவர்தம் ஓவியம் இருநூறு ஆண்டு கடந்தும் உலகுக்கு உரியதாயிற்று. தன்னூரார் பார்க்காத படம் உலகெங்கும் சென்றாலும் ஓர் அடையாளச்சீட்டாகவே செல்லும். மலைநாட்டின் படங்கள் முதலில் மலைநாட்டார் கண்களைச் சந்திக்கட்டும், உலகம் காத்திருக்கலாம்.